சோப்பு அருவி!

கொடைக்கானல் போகிறவர்களுக்கென்று ஒரு ஃபார்முலா உண்டு. ஏரியில் படகு, ஏரிக்கரையில் குதிரை, கோக்கர்ஸ் வாக்கில் குடும்ப போட்டோ, தூண் பாறையில் மூடுபனி. ('பாறை அங்கதாங்க இருக்கு... இப்போ தெரியாது!' என்பார் டிரைவர்.) கடைசியாகக் கால் கிலோ ஹோம்மேட் சாக்லேட். 7,000 அடி உயரம் ஏறிப் போய்விட்டு, மலையில் நாலு எட்டு நடக்காமலே திரும்பிவிடுகிறோம்.

நடக்க ஆசைதான், முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை என்கிறீர்களா? உங்களுக்காகவே இருக்கிறது பாம்பார் அருவி. ஏரியிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர், வட்டக்கானல் போகிற வழி. 'பாம்பார்' என்று சொன்னால் சில பேர் யோசிப்பார்கள். 'லிரில் ஃபால்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். 'அட, அதுவா!' என்று வண்டி உடனே கிளம்பிவிடும்.

பெயர் வந்த கதை ஊரறிந்தது. 1970-களில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி தன் லிரில் சோப்புக்கு ஒரு விளம்பரப் படம் எடுத்தது. பச்சை நீச்சலுடையில் கேரன் லுனெல் என்ற பெண் அருவியில் துள்ளிக் குளித்தார். அதைப் பார்ப்பதற்காகவே தியேட்டருக்குள் சீக்கிரம் போய் உட்கார்ந்த மாமாக்கள் உண்டு; மாமிகளிடம் கேட்டுப் பாருங்கள். படம் எடுத்தது இங்கேதான் என்று கொடைக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். சோப்பின் பெயர் அருவிக்கு ஒட்டிக்கொண்டது.

ரோட்டை விட்டு இறங்கினால் ஒற்றையடிப் பாதை. வேர்கள்தான் படிக்கட்டு. சாதாரண ஷூ போதும். ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம், முதல் மழையிலேயே காலை வாரிவிடும். மழைக்காலத்தில் அட்டைப் பூச்சியும் உண்டு. பயப்படாதீர்கள், கொஞ்சம் ரத்ததானம், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் ஜோராக இருக்கும். சித்திரையில் போய்விட்டு 'என்னங்க, குழாய் மாதிரி வருது' என்று குறைப்படக் கூடாது.

போகிற வழியில் கொஞ்சம் நின்று பாருங்கள். குட்டை மரங்கள், கிளையெல்லாம் பாசி, பாசிமேல் பெரணி. இதுதான் சோலைக்காடு. (ஆங்கிலேயர்கள் நம் 'சோலை'யைத்தான் 'ஷோலா' ஆக்கிக்கொண்டார்கள்.) மழை பெய்யும்போது இந்தக் காடும் சுற்றியுள்ள புல்வெளியும் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன, மழை நின்ற பிறகு மாசக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. பாறைப் படிகளில் சலசலவென்று இறங்கும் அருவிக்கு இதுதான் டேங்க்.

இந்த டேங்க்கின் மேட்டில்தான் ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்தது. 1980-களில் அமெரிக்காவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து செயின்ட் மேரீஸ் ரோட்டில் நிறுவினார்கள். தெர்மாமீட்டர் என்றால் பாதரசம். ஃபேக்டரிக்குப் பின்னால் சரிவு, சரிவில் பாம்பார் சோலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ்காரர்களும் கண்டுபிடித்தார்கள். அந்த மாதமே ஃபேக்டரி மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்ன தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். வேலையால் யாருக்கும் உடம்பு கெடவில்லை என்பது கம்பெனியின் வாதம். 591 பேருடன் சமரசம் ஆனது 2016-ல். அதற்குப் பிறகும் மண்ணைச் சுத்தம் செய்வதில் இழுபறி. கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்றது கம்பெனித் தரப்பு. சோலைக்குப் பக்கத்தில் அதெல்லாம் ஆகாது என்றார்கள் எதிர்த்தவர்கள்.

கம்பெனி எது என்கிறீர்களா? அதே இந்துஸ்தான் லீவர்தான். 1987-ல் தாய்க் கம்பெனியான யூனிலீவர் பாண்ட்ஸை வாங்கியபோது, பவுடர், க்ரீமோடு இந்த ஃபேக்டரியும் சேர்ந்து வந்தது. அருவிக்குப் பெயர் கொடுத்தவர்களும் அவர்களே, அருவிக் காட்டுக்கு வழக்கு கொடுத்தவர்களும் அவர்களே!

நாம் மட்டும் என்ன வாழ்கிறது? சோப்பு அருவி என்று பெயர் கேட்டுவிட்டு சோப்போடும் ஷாம்பு பாக்கெட்டோடும் வருகிற கோஷ்டிகள் உண்டு. 2024 மே மாதம் கொடைக்கு இ-பாஸ் வந்தது. பாறை இடுக்கில் கிடக்கும் பாக்கெட்டுக்கு யார் பாஸ் கொடுத்தார்கள்?

குளிக்கத்தான் வேண்டும் என்றால் இந்த வழுக்குப் பாறை வேண்டாம். தண்ணீர் அதுவாகவே இறங்கிக் கீழே வருகிறது. பெரியகுளம் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் குளிக்கிற கும்பக்கரை அருவி இதே பாம்பாறுதான். மலையில் மழை கொட்டினால் அங்கே வெயில் காயும்போதே வெள்ளம் வரும். வனத்துறை தடை போட்டுவிடும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள் துண்டும் கையுமாக மேலே மலையைப் பார்த்தபடி நிற்பார்கள்.