தேயிலை இல்லாத தேநீர்

மதுவைப் பற்றி நம்மிடையே எழுதுவோர் இரு வகையினர். அதனைப் பாவமென்று சபிக்கும் உபதேசி ஒருவர்; அதனை இன்பமென்று புகழும் உல்லாசி மற்றவர். கோப்பைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி இவ்விருவருக்கும் எழுவதில்லை.

நியூயோர்க்கில் படிக்கும் என் மருமகன் விடுமுறையில் வெள்ளவத்தைக்கு வந்திருந்தபோது, தன் நண்பர்களுக்காக 'லோங் ஐலண்ட் ஐஸ்ட் ரீ' என்னும் கலவையைச் செய்தான். "மாமா, இதிலை ஒரு துளி தேயிலையும் இல்லை. ஆனால் பார்த்தால் தேத்தண்ணிதான்" என்று பெருமையோடு சொன்னான். செய்முறை எளியது. உயரமான கண்ணாடிக் கோப்பையை ஐஸ் கட்டிகளால் நிரப்பி, வொட்கா, ஜின், வெள்ளை ரம், தெக்கீலா, தோடம்பழ மணமுள்ள குவான்ரோ ஆகிய ஐந்திலும் 15 மில்லிலீற்றர் வீதம் ஊற்றவேண்டும். தேசிக்காய்ச் சாறு 30, சீனிப்பாகு 20 மில்லிலீற்றர். கலக்கியபின், நிறம் வரும் அளவுக்குக் கோலா. அவ்வளவுதான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஐந்து மதுவும் சேர்ந்து 75 மில்லிலீற்றர். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 40 பங்கு வலிமையுடையதாயின், அதில் தூய மதுசாரம் 30 மில்லிலீற்றர். நிறையில் ஏறத்தாழ 24 கிராம். 5 விழுக்காட்டு பியரில் இதே அளவைப் பெற 600 மில்லிலீற்றர் குடிக்கவேண்டும். ஈரல் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையே எரிக்கும். ஆகவே ஒரு கோப்பையின் வேலை முடிய ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலம் வரை செல்லும். இவையெல்லாம் அளவுக் கிண்ணம் கொண்டு ஊற்றினால்தான். வீடுகளில் பெரும்பாலும் கைதான் அளவு. கை இரட்டிப்பாக ஊற்றினால் ஒரு கோப்பை இரண்டு கோப்பையாகிவிடும். குடிப்பவரோ ஒன்றுதான் குடித்ததாக எண்ணிக்கொள்வார்.

இப்பானத்தின் சாமர்த்தியம் முழுவதும் மறைப்பதில் இருக்கிறது. குளிர் நாக்கை மந்தப்படுத்துகிறது. இனிப்பும் புளிப்பும் மதுசாரத்தின் எரிவை மூடுகின்றன. கோலா தேநீரின் நிறத்தைத் தருகிறது. ஐந்தையும் இவ்வாறு மூழ்கடித்தபின் நல்ல மதுவுக்கும் மட்டமான மதுவுக்கும் வேற்றுமை தெரியாது. விலை கொடுத்து வாங்கிய குவான்ரோவை இதில் ஊற்றுவது வீண் என்பது என் கருத்து. 1972 ஆம் ஆண்டில் லோங் ஐலண்டிலுள்ள ஓக் பீச் இன் என்னும் விடுதியில் இதனை ஆக்கியதாக ராபர்ட் பட் என்பவர் உரிமை கோரினார். மதுவிலக்கு நடந்த 1920களில் ரெனசி மாநிலத்தில் பிறந்ததென்பது மற்றொரு கூற்று. எது மெய்யாயினும், மதுவைத் தேநீராகக் காட்டும் தேவை மதுவிலக்கு நாட்டில் எவருக்கும் விளங்கக் கூடியதே.

மறைவது வலிமை மட்டுமா? கரீபியன் தீவுகளில் அடிமைகளின் முதுகில் எழுந்த சீனித் தோட்டங்களின் கழிவுப் பாகிலிருந்தே ரம் பிறந்தது. லண்டன் ஏழைகளை ஜின் விழுங்கிய காலத்தில், 1736 இலும் 1751 இலும் பிரித்தானியப் பாராளுமன்றம் அதற்கென்று சட்டமியற்ற நேர்ந்தது. தெக்கீலாவுக்கான நீலக் கற்றாழை முதிர ஆறேழு ஆண்டுகள் வேண்டும். மெக்சிக்கோத் தொழிலாளி அதன் இலைகளை இன்றும் கையாலேயே சீவுகிறான். சார் அரசு வொட்கா விற்பனையை ஏகபோகமாக்கித் தன் கருவூலத்தை நிரப்பியது. 1925 ஆம் ஆண்டில் சோவியத் அரசும் அதே வருமானத்துக்குத் திரும்பியது. நம்மவர் கட்டுரைகள் இதனைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

பெயரிலுள்ள தேயிலைக்கும் ஒரு கதை உண்டு. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டது முதல், மலையகத்தில் கொழுந்து பறித்த கைகள் தமிழகத்திலிருந்து வந்தோரினதும் அவர்தம் சந்ததியாரினதுமே. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர்களுடைய சம்பளத்தை விழுங்கத் தோட்டத்தை அண்டித் தவறணைகளும் இருந்தன. அங்கே சாராயம் சாராயம் என்ற பெயரோடுதான் விற்கப்பட்டது.

மதுவை ஒழிக்கச் சட்டம் போடுக என்று நான் கூறவில்லை. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை போட்டுப் பார்த்தது. ஆனால் வீட்டில் இதனைக் கலப்பவர் அளவுக் கிண்ணத்தால் ஊற்றட்டும். ஐந்து மதுவின் பெயரையும் விருந்தினருக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். வெறும் வயிற்றில் இருப்பவருக்கு முதலில் சோறு போடட்டும். வாகனத் திறப்பை வாங்கி அலுமாரியில் வைக்கட்டும். வேண்டாமென்பவருக்கு அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கட்டும். மெய்யான தேயிலையும் வீட்டில் இருக்குமல்லவா?