தற்புகழ்ச்சிக்கு 650 சொற்கள்

துறை பல முடித்த புலவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலார் வகுத்த விதி. ஆயின் அடுத்த சூத்திரத்திலேயே அவர் அதற்கு விலக்குகளும் கூறினார். மன்னனது அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை உணராதார் நடுவிலும், அவையிலே வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலையிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். பாடங்கேட்கும் காலத்தில் இவை பழைய காலத்துச் சலுகைகளாகவே தோன்றும். அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகமொன்றுக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவருக்கோ முதலிரண்டும் கட்டளைகளாகிவிடுகின்றன. அவர் ஓலை எழுதுவது பெரியதோர் அவைக்கு; அவ்வவையில் இருப்போர் அவர் ஆற்றலையும் அறியார், அவர் ஊரையும் அறியார்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் வடபகுதிக் கிராமமொன்றிலிருந்து மாணவி ஒருத்தி இத்தகைய ஓலைகள் ஐந்து எழுதினாள். அவளுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளியாகியிருந்தது; கணிதப் பிரிவிலே சிறப்பான பெறுபேறு. இந்நாட்டு முறைப்படி அதன்மேல் அவள் எவருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பாடங்களின் புள்ளிகள் இசற் புள்ளியாக மாறும், மாவட்டம் பார்க்கப்படும், வெட்டுப்புள்ளி வெளியாகும். நீ யார், எதனை விரும்புகிறாய், எதற்காக அழுதாய் என்று எவரும் கேட்பதில்லை. 1970களின் தரப்படுத்தல் இத்தலைமுறையின் பாட்டன்மார் மனத்திலே விட்டுச்சென்ற காயம் ஆறாதது எனினும், அந்த அநீதியுங்கூட எண்களின் மொழியிலேயே பேசிற்று.

அமெரிக்கப் படிவம் வேறு வகையானது. 1975இல் பதினைந்து தனியார் கல்லூரிகள் கூடித் தொடங்கிய பொது விண்ணப்பப் படிவத்தை இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஏற்கின்றன. புள்ளிகள், ஆசிரியரின் பரிந்துரைகள், பாடசாலைக்கு வெளியே செய்தவை ஆகியவற்றோடு 650 சொற்களுக்கு மேற்படாத கட்டுரை ஒன்றும் அதற்கு வேண்டும். அக்கட்டுரையின் பொருள் விண்ணப்பிப்பவரே. 2021இல் சேர்வதற்கு ஹாவாட்டில் விண்ணப்பித்தோர் 57,435 பேர். இடம் வழங்கப்பெற்றோர் 1,968 பேர். நூற்றுக்கு நால்வர் தானும் இல்லை. வெளிநாட்டாருக்குப் பல இடங்களில் வாயில் இதனினும் ஒடுங்கியது. மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகம் இளமாணி வகுப்பில் அவர்களைப் பத்திலொரு பங்களவிலேயே நிறுத்துகிறது. நிறைபுள்ளி பெற்றோரே இடங்களினும் பன்மடங்கு அதிகமாயிருக்கையில் கட்டுரையே தராசின் முள் என மாணவர் நம்புவதில் வியப்பில்லை.

இவ்வாறு 'முழு மனிதனையும்' நோக்கித் தெரிவு செய்யும் முறை அறிவுலகின் பெருந்தன்மையாகப் போற்றப்படுவதுண்டு. அதன் பிறப்பு அத்துணைப் பெருமைக்குரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் முதலியன பெரும்பாலும் பரீட்சையில் தேறியோரை ஏற்றுக்கொண்டன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதரின் பிள்ளைகள் அப்பரீட்சைகளிலே தேறினர். 1900இல் ஹாவாட்டின் புதுமுக மாணவருள் நூற்றுக்கு ஏழளவிலிருந்த அவர்கள் தொகை 1922இல் இருபதைத் தாண்டியது. தலைவராயிருந்த லோவெல் வெளிப்படையாகவே ஒரு வரம்பு விதிக்க விரும்பினார். எதிர்ப்பெழவே அம்முயற்சி கைகூடவில்லை. எனினும் 1922இலேயே படிவத்தில் புதிய வினாக்கள் புகுந்துவிட்டன: சமயம் எது, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் யாது, தந்தை பிறந்த இடம் எது, குடும்பப் பெயர் எப்போதேனும் மாற்றப்பட்டதா. பின்னர் 'குணநலம்' அளவுகோலாயிற்று. புள்ளியை எவரும் கூட்டிப் பார்க்கலாம். குணநலத்தைக் கூட்டிப் பார்க்க முடியாது. அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுவே. சமூகவியலாளர் ஜெறோம் கராபெல் 2005இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார்.

காலம் மாறிற்று, அதே கருவி பிற்காலத்தில் ஒதுக்கப்பட்டோரை உள்ளே அழைக்கவும் பயன்பட்டது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் 2018இல் விசாரிக்கப்பட்ட ஹாவாட் வழக்கிலே வெளிவந்த தரவுகள், ஆசிய வமிசத்து அமெரிக்கர் கல்வித் தரத்தில் உயர்ந்தும் 'ஆளுமை' மதிப்பீட்டிலே சராசரியாகத் தாழ்ந்தும் நின்றதைக் காட்டின. 2023 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இனத்தைக் கருத்திற் கொள்ளும் தெரிவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே தீர்ப்பு, இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதுவதைத் தடுக்கவில்லை. கட்டுரையின் சுமை மேலும் கூடிற்று.

அந்த மாணவி இவ்வரலாற்றை அறிந்திருக்கவில்லை. அவளது முதற் கவலை பணம். விண்ணப்பக் கட்டணம் ஓரிடத்துக்கு எண்பது டொலரளவில். 2022இன் தொடக்கத்தில் டொலரொன்று ஏறத்தாழ இருநூறு ரூபாய், ஆண்டின் நடுவில் முந்நூற்றறுபது. அவள் கட்டண விலக்குக் கேட்டு எழுதினாள், கிடைத்தது. பெரிய வினா வேறொன்று. உதவி வேண்டுமா என்று படிவம் கேட்கிறது. ஆம் என்ற விடையினால் வெளிநாட்டு மாணவரின் தெரிவு பாதிக்கப்படாது என உறுதியளிக்கும் இடங்கள் மிகச் சில. ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன், மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகம், அம்ஹேர்ஸ்ற் ஆகியன அவ்வரிசையில் நெடுங்காலம் நின்றவை. 2022இல் டாட்மத், போடன் இரண்டும் சேர்ந்தன. ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றிலே, ஸ்ரான்போட் உட்பட, அப்போது வறுமையும் ஒரு புள்ளியாகத் தராசில் ஏறிற்று. இதிலுள்ள விநோதம் யாதெனில், இடம் மட்டும் கிடைத்துவிட்டால் அவளுக்குச் செலவே இராது. ஆண்டு வருமானம் ஓரிலட்சம் டொலருக்குட்பட்ட குடும்பங்களிற் பெரும்பாலானவை எதுவும் கட்ட வேண்டியதில்லை என 2022 செப்டெம்பரில் பிறின்ஸ்ரன் அறிவித்திருந்தது. அவள் தாய்க்கு இரண்டு பசுக்களும் ஒரு தையல் இயந்திரமும் இருந்தன. சம்பளச் சீட்டு எங்கே என்று படிவம் கேட்டது. கிராம அலுவலர் தமிழில் எழுதித் தந்த வருமானச் சான்றிதழை அவளே ஆங்கிலத்தில் பெயர்த்தாள். தந்தையின் தொழில் என்ற கட்டத்துக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என எழுதினாள்.

கட்டுரையின் முதல் வரைவில் பரிசுகளையும் போட்டிகளையும் நிரலாக எழுதியிருந்தாள். கனடாவிலிருந்து உதவிய பழைய மாணவர் ஒருவர், பட்டியல் வேண்டாம், கதை சொல் என்று குறிப்பெழுதினார். அவளிடம் ஒரு கதைதான் இருந்தது. 2009இல், போர் முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன், தந்தை எறிகணை வீச்சில் இறந்தார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பதுங்குகுழியின் மண் வாசனையும் தாயின் கையும் நினைவிலிருந்தன. மற்றவையெல்லாம் பின்னாளிலே பிறர் பேசக் கேட்டுச் சேர்ந்தவை. எது தன் நினைவு, எது தாயின் நினைவு என்று பிரித்தறிய அவளால் இயலவில்லை. எனினும் எழுதினாள். மழை பெய்துகொண்டிருந்தது, குழியினுள்ளே நீர் ஏறிற்று, தந்தை அதனை இறைப்பதற்காக வாளியெடுக்க வெளியே போனார் என்று எழுதினாள். அந்த மழை வரியே கட்டுரையின் உயிர் என்று பழைய மாணவர் பாராட்டினார். அது மிகையான பாராட்டன்று. வரி நன்றாகவே இருந்தது.

மார்கழி மாத இரவொன்றில் தாய், தன்னைப் பற்றியும் ஏதோ எழுதுகிறாளாமே, வாசித்துக் காட்டு என்றாள். மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னாள். 'என் தந்தை' என ஆங்கிலத்தில் எழுதியிருந்த இடமெல்லாம் 'அப்பா' என்றே வாயில் வந்தது. தாய் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திக் கேட்டாள். முடிவில் ஒன்றுதான் சொன்னாள்:

"அண்டைக்கு மழை பெய்யேல்லைப் பிள்ளை. நல்ல வெயில். அப்பா உனக்குத் தண்ணி எடுக்கத்தான் போனவர்."

மகள் பேசவில்லை. சற்று நேரத்தின் பின் அந்த வரியை அழித்தாள். தண்ணீர் எடுக்கப் போனதை எழுத முயன்றாள். அது தன்னால் நேர்ந்தது என்பது போல் இருந்தமையால் அதனையும் அழித்தாள். தன் வாழ்விலே பேசாதிருந்த ஒன்றை, இரங்கத்தக்கதாகவும் ஆனால் மீண்டெழுந்ததாகவும், அளவோடு சொல்லுமாறு அப்படிவம் கேட்டது. அங்கே அமர்ந்து வாசிப்போர் கொடியோரல்லர்; பலர் இளைஞர்; ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படித்துத் தீர்க்க வேண்டியவர்கள். ஆயினும் உலகெங்கும் பதினெட்டு வயதினர் தம் வீட்டுச் சாவுகளை எடுத்து, எது எடுபடும் என்று நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களது அமைதியான அறைகளிலிருந்தே தொடங்குகிறது. நன்னூலார் புலவனுக்குத் தன் புகழைச் சொல்லத்தான் இடம் கொடுத்தார். தன் துயரைச் சொல்லும்படி கேட்கவில்லை.

இறுதியில் அவள் அனுப்பியது தாயின் தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்த்த கதை. தந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. பழைய மாணவருக்கு அதில் மனக்குறையே.

முடிவுகள் 2023 மார்ச் மாதக் கடைசியில் வந்தன. அவற்றுள் மூன்று ஒரே நாளிலே வெளியாயின. அங்கே மாலை ஏழு மணி. இங்கே மறுநாள் விடியற்காலை நாலரை. தாய் பால் கறக்க எழும்பும் நேரம். நான்கு இடங்கள் மறுத்தன. ஒன்று காத்திருப்போர் பட்டியலிலே சேர்த்தது. காரணம் எதிலும் இல்லை. மழை வரி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல எவருமில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"பொறுக்கச் சொல்லியிருக்கினம் அம்மா."

அப்பட்டியலிலிருந்து அழைப்பு வரவில்லை. அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்திலே சேர்ந்தாள். பாடசாலையின் இளைய மாணவர் இருவர் மறுமுறை அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தபோது கட்டுரைகளை அவளிடம் கொடுத்தனர். ஒன்றிலே வெள்ளத்தில் அள்ளுண்ட வீடும், கூரைமேலிருந்து பாட்டி அழைத்த குரலும் இருந்தன. அவள் பென்சிலால் ஓரத்தில், "இது நடந்ததா? பாட்டியிடம் வாசித்துக் காட்டினாயா?" என்று எழுதிக் கொடுத்தாள்.