பாட்டி ஏற முடியாத திண்ணை

சிவில் படிக்கிறோம்னு வெளியில சொல்லாதீங்க மக்களே! வேலை கொடுத்துடுவாங்க. எனக்கு வந்தது, கும்பகோணம் பக்கத்துல இருந்த எங்க பாட்டியோட ஓட்டு வீடு. போன வருஷம் இடிச்சாச்சு. "போட்டோ இருக்கே... கம்ப்யூட்டர்ல கட்டிக் கொடேன்"னாங்க அம்மா.

ஸ்கெட்ச்-அப்ல உட்கார்ந்தேன். வாசல் உசரம் தெரியல. எல்லா வீட்லயும் ஏழடிதானேன்னு அதை வச்சு, மத்த அளவெல்லாம் போட்டோவைப் பார்த்து அதே விகிதத்துல எடுத்தேன். திண்ணை ஓரமா பாட்டி உசரத்துக்கு, 4 அடி 10 அங்குலத்துல ஒரு பொம்மை.

பாட்டி கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. "இது நானாடா? திண்ணை இடுப்புக்கு வருதே, ஸ்டூல் போட்டுத்தான் ஏறணும். அந்த வாசல்ல உங்க தாத்தா குனியாம நுழைஞ்சதே இல்ல!"

ஏழடி வாசல்ல யார் குனிவாங்க? நல்லவேளை, பழைய நிலை மாமாவோட மாட்டுக் கொட்டகையில கிடந்துச்சு. டேப் வச்சா, உள்பக்கம் 5 அடி 8 அங்குலம்தான்!

இதுக்காக மறுபடி முதல்லேருந்து கட்ட வேண்டாம் பாஸ். 'டேப் மெஷர்' டூலால வாசலோட மேல் கீழ் ரெண்டு புள்ளியையும் க்ளிக் பண்ணி, நிஜ அளவை டைப் பண்ணி என்டர் தட்டுங்க. மாடலையே மாத்தவான்னு கேட்கும். 'யெஸ்' சொன்னா முழு வீடும் சுருங்கிடும். என் ரெண்டரை அடி திண்ணை ரெண்டடி ஆச்சு.

அடுத்த கூத்து கூரை. ரெடிமேட் டெக்ஸ்சர் ஒட்டினதுல ஒவ்வொரு ஓடும் கதவு சைஸ்! கொல்லையில அடுக்கியிருந்த ஓடுகளை வரிசையா வச்சு நானே படம் எடுத்தேன். படத்துல எத்தனை ஓடு இருக்கோ, அதை ஒரு ஓட்டோட வெளியே தெரியுற அகலத்தால பெருக்கி, அதையே டெக்ஸ்சர் அகலமா கொடுங்க. சரியா உட்காரும்.

படம் எடுக்கும்போது நேரா நில்லுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க. வெயில் வேண்டாம், மேகமூட்டம்தான் பெஸ்ட். நான் மத்தியானம் எடுத்த சுவர்ல தென்னை நிழல் விழுந்து, ஒட்டினதும் வீடு முழுக்க தென்னந்தோப்பு! ஈரக்கறையும் அப்படித்தான், ஒரே கறை போஸ்டர் மாதிரி திரும்பத் திரும்ப வரும். முதல்ல கறையை அழிச்சுட்டு ஒட்டுங்க. அப்புறம் வேணுங்கிற இடத்துல மட்டும் தனியா ஒண்ணு வைங்க.

ரெண்டாவது தடவை பாட்டி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "விளக்கு மாடம் எங்கடா?"

எந்தப் போட்டோவுலயும் இல்ல. "எவ்ளோ பெரிசு பாட்டி?"ன்னேன். ஸ்க்ரீன்ல வாசலுக்கு வலது பக்கமா கையை விரிச்சு வச்சுக் காட்டினாங்க. "ஒரு சாண்."

பாட்டி சாணை அளந்தேன். ஏழு அங்குலம்.