சடர் தெருவில் ஒரு பச்சை வீடு

பெரிய ஊர்ல ஹோட்டல் ரூம் எல்லாம் ஒரே அச்சுதான். கார்டைக் காட்டினா கதவு திறக்கும், ஏசி உறுமும், ஜன்னல் மட்டும் திறக்காது. காலையில கண் முழிச்சா இருக்கறது புனேவா புவனேஸ்வரான்னு ஒரு நிமிஷம் குழம்பும். வேலை விஷயமா சுத்தற ஆளுங்களுக்கு நான் சொல்றது புரியும்.

அப்படி இல்லாத ஒரு இடத்துல 2008-ல் நாலு ராத்திரி தங்கினேன். கொல்கத்தாவில், ஃபேர்லான் ஹோட்டல்.

சவுரிங்கீ சாலையில் இந்தியன் மியூசியத்தை ஒட்டித் திரும்பினா சடர் தெரு. கைரிக்‌ஷா, முதுகுல மூட்டை கட்டின வெள்ளைக்காரப் பசங்க, மலிவு லாட்ஜ்னு ஒரே கலகலப்பு. தாகூர் இளவயசுல கொஞ்ச நாள் இருந்து கவிதை எழுதினதும் இதே தெருவுலதான். கேட்டைத் தாண்டி உள்ளே போனா, யாரோ ரேடியோவை அணைச்ச மாதிரி சத்தம் அடங்கிடும். மந்திரம் ஒண்ணும் இல்லை. முன்னாடி தோட்டம், மரம். பின்னாடி தடி தடியா சுவர். 1783-ல் கட்டின வீடு, கேக்கணுமா!

எங்க பார்த்தாலும் பச்சை பெயிண்ட், பிரம்பு நாற்காலி, தொட்டிச் செடி. சுவர்ல இடமே விடாம போட்டோ. இங்கிலாந்து ராஜ குடும்பம் ஒரு பக்கம், இங்கே தங்கிப் போன சசி கபூர் ஒரு பக்கம். மணி அடிச்சா சாப்பிடப் போகணும், என்ன போடறாங்களோ அதுதான். சாம்பாருக்கு ஏங்கின நாக்குக்குக் கொஞ்சம் சோதனைதான் :-)

1936-லேர்ந்து ஒரு ஆர்மீனியக் குடும்பத்து கையில இருந்த ஹோட்டல். அந்தம்மாவோட பொண்ணு வயலட் ஸ்மித் அப்போ எண்பது தாண்டியும் அதைப் பார்த்துக்கிட்டாங்க. விருந்தாளிகிட்ட உட்கார்ந்து பேசறதுதான் அவங்க நிர்வாகம். வெள்ளைக்கார ராஜாங்கத்தோட மிச்சத்தை ரசிக்கறோமேன்னு எனக்கு உறுத்தாம இல்லை. தலைப்பாகை கட்டின பணியாள் சூப் கொண்டு வரும்போது கூச்சமாத்தான் இருந்தது. ஆனா எனக்குப் பிடிச்சது ராஜா படம் இல்லைங்க. வீட்டுக்காரங்க வீட்டுல இருந்ததுதான்.

அந்த நாலு நாளும் ராத்திரி அண்ணன் போன். மாயவரத்துல தாத்தா வீட்டை என்ன செய்யறதுன்னு. ஓடு மாத்தணும், கிணத்துச் சுவர் சரியுது, பூட்டியே கிடக்கு. தோட்டத்துல உட்கார்ந்து பேசிட்டு, அண்ணாந்து அந்தப் பச்சைச் சுவரைப் பார்ப்பேன். இருநூறு வருஷத்துக்கு மேல ஆன வீடு நிக்குது; நம்ம எண்பது வருஷ வீடு விழுது. சுண்ணாம்பு, காசெல்லாம் அப்புறம். திண்ணையில உட்கார்ந்து “வா, சாப்டியா?”ன்னு கேட்க ஆள் இருக்கா இல்லையாங்கறதுதான் வித்தியாசம். எங்கள்ல ஒருத்தரும் மாயவரம் போய் இருக்கப் போறதில்லை. 2010-ல் வித்தோம். யாருக்கும் வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பூட்டி வச்சு அது சாகறதைப் பார்க்கறதுக்கு அது மேல்.

வயலட் அம்மா 2014-ல் போய்ச் சேர்ந்தாங்க. 2018-ல் எல்ஜின் குழுமம் ஹோட்டலை வாங்கிப் புதுப்பிச்சது. கொல்கத்தா போற நண்பர்கள் அங்கே தங்கலாமான்னு கேட்பாங்க. தாராளமா தங்குங்கன்னுதான் சொல்வேன். இடிச்சு மால் கட்டாம, கதவைத் திறந்து வச்சிருக்காங்களே, அதுவே பெரிசு. போனா ரூம்லயே அடைஞ்சு கிடக்காம தோட்டத்துல கொஞ்ச நேரம் உட்காருங்க. பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. அந்த வீடு அப்படித்தான் இத்தனை நாள் ஓடிச்சு.