நெய்வேலியிலிருந்து ஊட்டிக்கு, முப்பது யூனிட்டில்

வெள்ளி இரவு, நெய்வேலி

சன்னல் கம்பி வழியாகக் கேபிளை வெளியே விட்டு வண்டியில் மாட்டியாயிற்று. பதினைந்து ஆம்பியர் பிளக். மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். 30 யூனிட் பேட்டரி நிறைய விடிந்துவிடும்.

புகையில்லாத வண்டி என்று பெருமை பேச இந்த ஊர்க்காரனுக்கு வாய் வராது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ எரிய வேண்டும். முப்பந்தல் காற்றும் கூடங்குளமும் கலந்த கரண்ட்தான் பிளக்கில் வருகிறது என்றாலும், 1962-லிருந்து கரியை எரித்துக் கரண்ட் எடுக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு, ராத்திரியில் முப்பது கிலோ கரி வண்டிக்குள் ஏறுவதாகத்தான் எனக்குத் தோன்றும். பெட்ரோல் செலவு மிச்சம், அதில் சந்தேகமில்லை.

சனி காலை, உளுந்தூர்பேட்டை தாண்டி

நெய்வேலியிலிருந்து மச்சான் இருக்கும் கோயம்புத்தூர் 340 கிலோமீட்டர் சொச்சம். விருத்தாசலம் வழியாக வந்து சேலம் சாலையைப் பிடித்தோம். தரச் சான்றில் என் வண்டிக்கு முந்நூறுக்கு மேல் போட்டிருக்கிறது. அந்தச் சோதனை, கூடத்துக்குள் உருளையின் மேல், ஏசி இல்லாமல், சராசரியாக மணிக்கு முப்பது சொச்சம் வேகத்தில் நடப்பது. சாலையில் கணக்கே வேறு. எழுபதில் போனால் 220 கிடைக்கும். நூறைத் தொட்டால் 170-க்கே மூச்சு வாங்கும். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது.

இந்தச் சாலையில் ஊர்களைச் சுற்றிப்போகும் சில புறவழிகளில் நான்கு வழி இரண்டாகச் சுருங்கி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதை எல்லோரும் திட்டுவார்கள். எனக்கு அது லாபம்.

“ஏங்க, ஏசியப் போடுங்க. சார்ஜ் போனா போவுது” என்றாள் மனைவி. போட்டேன். ஏசி தின்பது, நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. வேகம்தான் தின்கிறது.

சனி மதியம், சேலம்

ஆத்தூர் பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜர். ஆப்பில் பச்சை காட்டியது. போய்ப் பார்த்தால் திரை கறுப்பு. “ரெண்டு நாளா இப்படித்தான் சார்” என்றார் வாட்ச்மேன். அதில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போட்டால் பாட்டு மட்டும் கேட்டது. கையிருப்பு 34 சதவீதம், சேலத்துக்கு 50 கிலோமீட்டர். அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன்.

சேலத்தில் மெஷின் வேலை செய்தது, ஒரே ஒரு சார்ஜிங் கன். எனக்கு முன்னால் இரண்டு வண்டி. மாட்டியிருந்தவருக்கு 86. எண்பதுக்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். கடைசி இருபது சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் இன்னொரு வண்டி பாதி நிறைந்துவிடும். அவரிடம் அதை எப்படிச் சொல்வது? அவர் காசு, அவர் கன். வரிசையில் நின்ற ஈரோட்டுக்காரர்தான் பேச்சுக் கொடுத்தார். “அண்ணே, பெருந்துறைல ஒண்ணு இருக்குங்க, நல்லா ஓடுது. அதுவரைக்கும் இது தாராளமா போதுமுங்க.” அவரும் சிரித்துக்கொண்டே கழற்றினார். அதற்குள் எங்கள் மூவரின் குடும்பமும் டீக்கடையில் ஒரே பெஞ்சுக்கு வந்துவிட்டது. என் போனில் இப்போது ஆறு சார்ஜிங் ஆப். ஒவ்வொன்றின் வாலட்டிலும் நூறு, இருநூறு என்று என் பணம் தூங்குகிறது.

அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்கு இந்த ஒற்றை கன்தான் புரியவில்லை. பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் ஓடும்போது பக்கத்தில் இன்னொன்று ஸ்டாண்ட்பையில் நிற்கும். நிற்காவிட்டால் ஷிஃப்ட் இன்ஜினியருக்குத் தூக்கம் வராது. நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-லேயே வழிகாட்டுதல் போட்டது. தூரத்துக்குக் கணக்கு இருக்கிறது. பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதுதானே பயணிக்கு வேண்டிய கணக்கு?

ஞாயிறு, ஊட்டி

ஊட்டி போகாமல் மச்சான் விடவில்லை. ஈ-பாஸ் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினோம். அடிவாரம் முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. ஆட்களோடு 1,700 கிலோ எடையை இவ்வளவு உயரம் தூக்க மட்டும் ஒன்பது யூனிட் ஆகும். ஓடும் செலவு தனி. குன்னூர் வளைவுகளில் சதவீதம் குறைவதைப் பார்த்து மச்சானின் பேச்சும் குறைந்தது.

இறங்கும்போது வண்டியே கரண்ட் எடுத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மலை மேல் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி கரண்டை வாங்காது, அப்புறம் முழுப் பாரமும் பிரேக் மேல்தான். மின்சார வண்டிக்காரர்கள் பலருக்கும் இது தெரியாது, விற்கிறவர்களும் சொல்வதில்லை.

திங்கள் இரவு, நெய்வேலி

திரும்பும் வழியில் பெருந்துறையில் சாப்பாட்டு நேரத்திலேயே எண்பது ஏறிவிட்டது. ஆத்தூர் மெஷின் இன்னும் கறுப்பு.

வண்டியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் சார்ஜர் வைக்கிறவர்கள் மூன்று காரியம் செய்யட்டும்: ஓர் இடத்தில் இரண்டு கன், கூப்பிட்டால் ஆள் எடுக்கும் போன், வாலட் இல்லாமல் நேரடியாக யூபிஐ. மூன்றும் முடியாது என்றால், ஓடாத மெஷினை ஆப்பில் பச்சையாகக் காட்டுவதையாவது நிறுத்துங்கள்.