கூலியில் பிடித்த அமானிதம்

நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் அரபுச் சொற்களுள் ‘அமானிதம்’ என்பதும் ஒன்று. வெளியூர் செல்லும் அண்டை வீட்டார் நம்மிடம் கொடுத்துவைக்கும் நகைப்பெட்டி அமானிதம். நண்பர் நம்பிச் சொன்ன இரகசியம் அமானிதம். பெற்ற பிள்ளைகளும் அமானிதமே என்று பெரியோர் கூறுவர். ஆனால், ஆலையில் உழைக்கும் நம் பிள்ளைகளின் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் ஒரு சிறு தொகையும் அமானிதமே என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இஃது உவமைக்காக நாம் கூறுவதன்று. 1948 ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் தன் 40 ஆம் பிரிவில் இதையே விதித்தது. தொழிலாளியின் கூலியில் முதலாளி பிடித்த பங்கு, அதைக் காப்பீட்டுக் கழகத்திற்குக் கட்டுவதற்கென அத்தொழிலாளி அவரிடம் நம்பி ஒப்படைத்த பொருளாகவே கருதப்படும் என்பது அப்பிரிவின் கருத்து. ஆண்டுதோறும் ஃபிக்ஹு வகுப்பில் அமானிதத்தின் பாடத்தை ஓதிக்கொடுத்து வரும் நமக்கு, அரசாங்கச் சட்டத்தின் உள்ளே அதே பாடத்தைக் கண்டபோது ஏற்பட்ட வியப்பு சிறிதன்று. அந்தச் சட்டத்தைப் புரட்ட வேண்டிய தேவை நமக்கு ஏன் நேர்ந்தது என்பதையே இங்கு எழுதப் புகுகிறோம்.

பாலாற்றங்கரை ஊர்களில் தோல் தொழிலே பல குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்கிறது. நம் தங்கையின் மகனும் காலணி ஆலை ஒன்றில் தோல் வெட்டும் இயந்திரத்தில் பணிபுரிந்து வந்தார். 2022 மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், அச்சை நகர்த்தி வைப்பதற்குள் இயந்திரத்தின் மேற்பலகை இறங்கிவிட்டது. வலக்கையின் இரு விரல்கள் போயின. ஆலையார் அவரைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினர். செலவுக்கென 5,000 ரூபாயும் கொடுத்தனர். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்தார். விபத்து ஆலையில் நடந்ததாக எழுத வேண்டாம் என்றும், வீட்டில் நேர்ந்த காயம் என்று சொன்னால் நோய்விடுப்புப் பணம் எளிதில் வந்துவிடும் என்றும், உண்மையை எழுதினால் ஆய்வாளர் வந்து இயந்திரத்திற்குக் காப்புத் தடுப்பு எங்கே என்று கேட்பார் என்றும் அவர் கூறினார். “வேலை நிலைக்க வேண்டுமல்லவா?” என்பதே அவரது கடைசிச் சொல்.

மருமகன் நம்மிடம் வந்து, “மாமா, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன?” என்றார். தங்கையோ வேறு விதமாகக் கலங்கினார். “அண்ணே, முதலாளி நல்ல மனிதர். காயம் பட்ட அன்றே பணம் கொடுத்தார். அவருக்கு எதிராக எழுதிக்கொடுப்பது நன்றிகெட்ட செயல் ஆகாதா? அத்தோடு, காப்பீட்டுப் பணம் நமக்கு ஆகுமா?” என்று கேட்டார்.

காப்பீட்டைப் பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு நாம் அறிந்ததே. விரும்பியோர் செய்துகொள்ளும் தனியார் ஒப்பந்தங்களைப் பற்றிய அந்த வாதத்தை இங்கு இழுக்க வேண்டியதில்லை. இது தொழிலாளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சட்டப்படி அவர் கூலியில் பிடிக்கப்படுவது. 2019 ஜூலை முதல் நூறு ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளியின் பங்கு 75 காசு; முதலாளியின் பங்கு 3 ரூபாய் 25 காசு. மாதம் 12,000 ரூபாய் வாங்கிய நம் மருமகனிடம் 90 ரூபாய் பிடிக்கப்பட்டது. ஆலை தன் பங்காக 390 ரூபாய் கட்டக் கடமைப்பட்டிருந்தது. உழைப்பின் கணக்கில் சேர்ந்த தொகை, உழைப்பில் கை போனவருக்குத் திரும்பி வருகிறது. இதனைத் தர்மம் என்று எண்ணி நாணுவதற்கு இடம் எங்கே? தங்கைக்கு நாம் சொன்ன விடை இதுதான்.

மருமகனுக்குச் சொன்னது சற்றுக் கடினமான விடை. அந்த ஒரு வார்த்தையின் விலையை அவர் அறிந்திருக்கவில்லை. நோய்க்காகக் கிடைப்பது கூலியில் 70 விழுக்காடு. அதுவும் ஓராண்டில் 91 நாட்களுக்கு மேல் இல்லை. முன்னதாக 78 நாட்களுக்குப் பங்கு கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். வேலையில் நேர்ந்த காயத்திற்கோ 90 விழுக்காடு. தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை அது தொடரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காயம் பட்டாலும் உரிமை உண்டு. நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி என்றால், முன்னதற்கு 280, பின்னதற்கு 360. இதனினும் பெரியது ஒன்றுண்டு. ஒரு கையில் இரு விரல்களை இழந்தால் உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலில் 20 விழுக்காடு இழப்பு என்று சட்டத்தின் அட்டவணை கூறியது. அதன்படி நாளொன்றுக்கு 72 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 2,160 ரூபாய், ஆயுள் முழுவதும் வரும். வீட்டில் பட்ட காயம் என்று எழுதிக்கொடுப்பவர், இருபத்தேழு வயதில் தம் ஆயுட்கால வருவாயைத் தம் கையாலேயே அழித்துக்கொள்கிறார். பொய் பாவம் என்பது ஒருபுறமிருக்க, இந்தப் பொய் அவருடைய குழந்தைகளின் சோற்றிலும் கை வைக்கிறது.

முதலாளிக்கு எதிராக எழுதுவது என்னும் எண்ணமும் பிழையானது. இப்பணம் அவருடைய பெட்டியிலிருந்து வருவதன்று, கழகம் கொடுப்பது. விபத்து அறிக்கை அனுப்புவது குற்ற ஒப்புதலும் அன்று, அவர் கடமை. உறுப்பு இழப்பு போன்ற கடுங்காயமானால் உடனடியாக அனுப்ப வேண்டும் என்பதே விதி. இதனை நாம் ஆலைக்கு நேரில் சென்று பணிவாகவே எடுத்துரைத்தோம். தேநீர் கொடுத்தார்கள், அறிக்கை மட்டும் போகவில்லை.

நாட்கள் வாரங்களாயின. வீட்டில் தங்கையின் காதணி அடகுக்குப் போயிற்று. மளிகைக் கடையில் கணக்கேடு நீண்டது. ஜமாஅத்தின் பைத்துல்மாலில் கடன் வாங்கிக் குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினோம். காப்பீட்டு மருத்துவரிடம் ஒவ்வொரு வாரமும் தவறாமல் சென்று சான்றிதழ் வாங்கினார் மருமகன். சான்றிதழில் இடைவெளி விழும் நாட்களுக்குப் பணமில்லை என்று மருந்தகத்தில் இருந்த ஊழியர் ஒருவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். அந்த அறிவுரை பொன் போன்றது.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் மாணவர்களிடம் கேட்பதுண்டு. தொழுகை என்பார் சிலர். நோன்பு என்பார் சிலர். கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதும் சாட்சி வைப்பதும் பற்றியதே அது, சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம். ஓதுகிற நாம் எழுதுவதில்லை. வாய்ச்சொல்லை நம்பி ஏழு வாரங்கள் கடந்தபின், மருமகனின் பெயரால் கிளை அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினோம். விபத்து நடந்த நாள், நேரம், இயந்திரம், உடனிருந்தோர், முதலில் சிகிச்சை அளித்த மருத்துவமனை, ஆலையார் அறிக்கை அனுப்பாத நிலை ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

விசாரணை நாள் வந்தது. கண்டவர் யார் என்ற கேள்விக்கு ஆலையில் பலர் தலை குனிந்தனர். அவர்களுக்கும் அடுப்பு உண்டன்றோ! அடுத்த இயந்திரத்தில் பணியாற்றிய முதியவர் ஒருவர் மட்டும் முன்வந்து, “என் கண் முன்னால் நடந்தது, நான்தான் மின்விசையை நிறுத்தினேன்” என்றார். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஷஹாதத் என்னும் சாட்சியத்தின் சிறப்பைப் பற்றி எத்தனையோ கிதாபுகளில் படித்திருக்கிறோம். அன்று அதை ஒரு மனிதரின் நிமிர்ந்த தலையில் கண்டோம். அடுத்த வாரமே ஆலையிலிருந்து அறிக்கை போயிற்று.

இனித் தடையில்லை என்று எண்ணியிருந்தபோது, பெயர் வந்து குறுக்கே நின்றது. அவர் பெயரை எழுதாமல், அதையொத்த ‘அப்துர் ரஹ்மான்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அரபு இலக்கணப்படி ‘அல்’ என்பதன் லாம், அடுத்து வரும் ‘ரா’வில் மறைந்து ‘அப்துர் ரஹ்மான்’ என்று ஒலிக்கும். மதரசாவில் முதலாண்டு மாணவனும் இதை அறிவான். கணினிக்கு இந்த இலக்கணம் தெரியாது. ஆலையின் எழுத்தர் ‘அப்துல் ரஹ்மான்’ என்று பதிந்திருந்தார். ஆதார் அட்டையில் ‘அப்துர் ரகுமான்’. வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து பின்னால் போய் ‘ரகுமான் எம்.ஏ.’ மூவரும் ஒருவரே என்று படைத்தவன் அறிவான், பதிவேடு அறியாது. ஆலை வழியாகத் திருத்த விண்ணப்பம், வங்கியில் ஒரு விண்ணப்பம் என்று மேலும் ஐந்து வாரங்கள் கழிந்தன.

அலுவலகத்தில் நிதானமாகப் பேசிய ஓர் எழுத்தர்தாம் நமக்கு இந்தத் தாமதத்தின் சூட்சுமத்தை விளக்கினார். 1950 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குமுறை விதிகளின்படி, தற்காலிக இயலாமைக்குரிய முதல் தொகையை ஒரு மாதத்திற்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த ஒரு மாதம் காயம் பட்ட நாளில் தொடங்குவதில்லை. எல்லா விவரங்களும் நிறைந்த கோரிக்கை வந்து சேர்ந்த நாளில்தான் தொடங்குகிறது. நாம் மாதக்கணக்கில் நிமிடமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடிகாரத்திற்கோ இன்னும் சாவி கொடுக்கப்படவேயில்லை. அறிக்கை இல்லாத கோரிக்கையும், பெயர் பொருந்தாத கோரிக்கையும் விதியின் கண்ணில் இன்னும் பிறவாத கோரிக்கைகளே.

ஆகஸ்டு மாதத்தில் 110 நாட்களுக்குரிய 39,600 ரூபாய் வங்கியில் சேர்ந்தது. காதணி மீண்டது; பைத்துல்மால் கடன் தீர்ந்தது. பின்னர் மருத்துவக் குழு கையைப் பார்த்து, இழப்பு 20 விழுக்காடு என்று உறுதி செய்தது. 2023 தொடக்கத்திலிருந்து மாதத் தொகை நிலுவையுடன் வருகிறது. மருமகன் அதே ஆலையில் பெட்டிகளில் அடுக்கும் பிரிவில் இருக்கிறார். பயந்தபடி வேலை போகவில்லை. தற்காலிக இயலாமைப் பணம் பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73 ஆம் பிரிவு தடுத்திருந்ததையும் நாம் பின்னரே அறிந்தோம்.

இத்திட்டம் வானத்திலிருந்து விழுந்ததன்று. பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944 இல் அளித்த அறிக்கையில் வேர் கொண்டு, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேருவால் தொடங்கப்பெற்று, 1955 இல் கோவை வழியாகத் தமிழகத்திற்கு வந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடக்கப்பெற்று, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துள்ளது. நாம் அலைந்தது பழைய சட்டத்தின் கீழ். பிரிவுகளின் எண்கள் மாறியிருப்பினும், தாளில் நிறைவு இருந்தாலன்றி உரிமை நகராது என்னும் பாடம் மாறவில்லை.

நம் பள்ளிவாசல்களில் ஜனாஸாவுக்குச் சந்தூக்கு வைத்திருக்கிறோம். திருமணப் பதிவேடு வைத்திருக்கிறோம். உழைத்து வாழும் மஹல்லாவாசிகளுக்காக வாரத்தில் ஒரு நாள், படித்த இளைஞர் இருவர் ஒரு மேசையிட்டு அமர்ந்து மனு எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு ஏன் இருக்கக் கூடாது? கை போனபின் இடக்கையால் ஒப்பமிடக் கற்கும் ஒருவருக்கு, அந்த மேசை பெரும் துணையாகும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆலைக்குச் செல்லும் பிள்ளையின் காப்பீட்டு அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் இன்றிரவே விளக்கடியில் ஒன்றாக விரித்து வைத்துப் பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா? ஓரெழுத்து வேறுபட்டிருந்தாலும் நாளைக் காலையே திருத்தத்திற்கு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். கை முழுதாக இருக்கும்போது அந்தத் திருத்தத்திற்கு ஆகும் செலவு ஒருநாள் அலைச்சல்தான்.