தாப்பா சாலைக்கு எந்த டயர்?

கேமரன் மலைக்கு ஏறப் பலருக்கும் தெரிந்த வழிகள் இரண்டு. ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயில் திரும்பினால் அகலமான சாலை. வளைவுகளும் அவ்வளவு கடுமையில்லை. காய்கறி லாரிகளுக்கும் சுற்றுலாப் பேருந்துகளுக்கும் அதுதான் வசதி. தாப்பாவில் திரும்பினால் பழைய சாலை. தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். ஒரு வளைவு முடியும் முன்பே அடுத்தது ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் பாறையும் மூங்கிலும், மறுபக்கம் பள்ளம். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் கட்டாயம்.

கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்குத் தாப்பாதான் பக்கம். எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. என் மாமனார் ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே லாரி ஓட்டியவர். தாப்பா சாலை 1930-களின் தொடக்கத்திலேயே தானா ராத்தாவை எட்டிவிட்டது. சிம்பாங் பூலாய் வழி அவருக்கு இன்னும் "நேத்து போட்ட ரோடு"தான். ஆண்டிறுதி விடுமுறையில் மலைக்குப் போவது என்றால் தாப்பா வழியாகத்தான் போக வேண்டும். வண்டியில் மாமா, அத்தை, நான்கு வயது மகள், நாங்கள் இருவர், மூட்டை முடிச்சுகள். ஆண்டிறுதி என்றாலே மழையும் கூடவே வரும்.

இந்த முறை கிளம்புவதற்கு முன் டயர்களைப் பார்த்தேன். எங்களுடையது சிறிய எஸ்யூவி, ஐந்து வயது. டயர்கள் அதோடு பிறந்தவை. டயரில் வெட்டியிருக்கும் கோடுகளை மலாய்க்காரர்கள் 'பூ' என்பார்கள். நம் பட்டறைகளிலும் அதே பேச்சுதான். அந்தப் பூ இரண்டரை மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர், அதனால் சாலைப் போக்குவரத்து இலாகா என்னை நிறுத்த முடியாது. ஆனால் 1.6 என்பது தண்டனைக்கான எல்லை. மழையில் மலை ஏறுவதற்கு அது போதும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஈரச் சாலையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'ஆல் சீசன்' டயர். எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றால் நமக்கும் நல்லதுதானே என்று தோன்றும். அது குளிர் நாட்டுக்காரர்களின் கணக்கு. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். அதற்காகக் குளிரிலும் இளகி இருக்கும்படி செய்த கலவை அது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் இருந்தால் பனிச் சோதனையிலும் தேறியது என்று அர்த்தம். பிரிஞ்சாங்கில் விடியற்காலையில் பல் நடுங்கினாலும் 7 டிகிரிக்கு வராது. நம் கடைகளில் சாதாரணமாக விற்பதெல்லாம் அந்த நாட்டுக்காரர்கள் 'கோடை டயர்' என்று சொல்லும் வகைதான். நமக்கு இருப்பது இரண்டே பருவம்: சூடான தார்ச்சாலை, நனைந்த தார்ச்சாலை. சில நாள்களில் இரண்டும் ஒரே பிற்பகலில் வரும். எங்கள் மாலை நிகழ்ச்சியில் போக்குவரத்துத் தகவல் வாசிக்கும்போது ஷா ஆலாமில் வெயில், செலாயாங்கில் வெள்ளம் என்று அடுத்தடுத்து வாசித்திருக்கிறேன்.

ஆக, பருவத்தை விட்டுவிட்டு சாலையைப் பார்க்கலாம்.

முதல் பகுதி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. தாப்பா வெளியேறும் வழி வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர், வேக வரம்பு 110. ரவாங் தாண்டி மழை பிடித்தால் சாலையில் தண்ணீர் மெல்லிய தகடு போல நிற்கும். டயரின் கோடுகள் அந்தத் தண்ணீரை வாங்கிப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தேய்ந்த டயரில் கோடு ஆழமில்லை. தள்ள முடியாத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்பு போலக் கூடி வண்டியைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். கையில் எதையும் பிடித்திருக்காதது போல ஓர் உணர்வு. அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது. எண்ணெயிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருக்க வேண்டும். இந்தப் பகுதிக்கு வேண்டியது அகலமான, ஆழமான நீள் கோடுகள்.

இரண்டாவது பகுதி தாப்பா நகரைத் தாண்டியதும் தொடங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் லாத்தா இஸ்கந்தர் அருவி. அருவிக்கு எதிரே பூர்வகுடி மக்களின் கடைகளில் பெத்தாயும் மூங்கில் சாமான்களும் தொங்கும். அதற்கு மேல் வெயில் தரையைத் தொடுவதே குறைவு. மழை நின்று வெகுநேரம் ஆனாலும் சாலை ஈரமாகவே இருக்கும், மூங்கில் இலை ஒட்டிக் கிடக்கும், ஓரத்தில் பாசி. இங்கே வேகம் 40-தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் முழுவதும் ஒரு பக்கத்து டயர்களின் தோளில் விழுகிறது. எதிரே வரும் லாரி நடுக்கோட்டைத் தாண்டி வந்தால் நாம் விலக இடமும் கிடையாது. ஈரத்திலும் பிடிக்கும் ரப்பர் கலவை, நெளியாத பக்கச் சுவர், இரண்டும் இங்கே வேண்டும்.

பட்டறையில் இதைக் கேட்டபோதுதான் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளின் கணக்கு சரியாகப் புரிந்தது. எங்களுடையது 215/60 ஆர்17 96எச். அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு, விளிம்பு 17 அங்குலம். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. இந்த எண்களில் எதையும் குறைத்து வாங்கக் கூடாது. அதற்குப் பக்கத்திலேயே 'டிராக்‌ஷன்' என்று ஏஏ, ஏ, பி, சி தரம் போட்டிருக்கும். ஏஏ வாங்கினால் வளைவிலும் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தில் நேராகப் போகும்போது பிரேக் பிடித்துச் செய்யும் சோதனை மட்டுமே. வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 'டிரெட்வேர்' 500, 300 என்ற எண்ணும் அப்படித்தான். அதைக் கணக்கிடுபவர்கள் தயாரிப்பாளர்களே. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் 'சலுகை விலை' என்று வெயில் படும் வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடினேன்: 3121. 2021-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம் செய்தது. டயர் ஓடாமலும் மூப்படையும், நம் வெயிலில் சீக்கிரமாகவே. "புதுசுதான் பாஸ், யாரும் ஓட்டலை" என்றார் தௌக்கே. யாரும் ஓட்டவில்லை என்பது உண்மைதான்.

மூன்றாவது கடையில் வேலை செய்த தமிழ்த் தம்பி மேலே எதுவும் விற்கப் பார்க்கவில்லை. "அக்கா, காட்டுக்குள்ள போவீங்களா? இல்லனா முரட்டுப் பூ வேண்டாம், சத்தம் போடும், ஈரத்துல தார் ரோட்டைப் பிடிக்காது" என்றார். எஸ்யூவி என்ற பெயருக்காகக் கரடுமுரடான டயர் போடுபவர்கள் இதைக் கேட்க வேண்டும். அவர் சொன்ன விலைகள் மூன்று: 260, 390, 540 ரிங்கிட். நான்குக்கும் சேர்த்தால் கீழுக்கும் மேலுக்கும் 1,120 ரிங்கிட் வித்தியாசம்; எங்கள் மகளின் பாலர் பள்ளிக் கட்டணத்தில் இரண்டு மாதம். 260-ஐ நான் ஏளனம் செய்ய மாட்டேன், நகரத்துக்குள் பள்ளிக்கும் சந்தைக்கும் ஓடும் வண்டிக்கு அது போதும். 540 டயர் சத்தமில்லாமல் ஓடும், அந்தச் சுகத்துக்குத்தான் பாதிக் காசு. 390-இல் நீள் கோடுகள் ஆழமாக இருந்தன, செய்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதையே நான்கும் போட்டேன். இரண்டு மட்டும் மாற்ற முடிகிறவர்கள் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள், வண்டி முன்சக்கரத்தால் இழுபட்டாலும் சரி. முன் டயர் வழுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

பழைய டயர்களைக் கழற்றிக் குவித்தபோது வந்த வாடை எனக்குப் பாட்டியை நினைவுபடுத்தியது. பால்மரம் சீவிய கை அவருடையது. 1877-இல் இலங்கை வழியாக 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதன் பிறகு இந்த நாட்டின் பால்மரங்களை இருட்டோடு எழுந்து சீவியவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். இன்றும் டயருக்குள் இயற்கை ரப்பர் இருக்கிறது. ஷா ஆலாமில் இருந்த குட்இயர் ஆலை மட்டும் 2024-இல் மூடப்பட்டுவிட்டது.

மலை ஏறினோம். லாத்தா இஸ்கந்தருக்கு மேல் மழை. மாமா முன் இருக்கையில் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். ரிங்லெட் தாண்டித் தோட்டத்துக்குள் நுழையும் ஒற்றை வழியில் எதிரே ஒரு வேன். ஓரம் ஒதுங்கியபோது கல்லில் பக்கச் சுவர் உரசியது. கீறல் மட்டும்தான். சிறிய எஸ்யூவிகளில் பலவற்றில் இருப்பது 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாத மெல்லிய மாற்று டயர். அதோடு தாப்பா வரை இறங்குவதை நினைத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

பிரிஞ்சாங்கில் காலையில் காற்று அளந்தேன். குளிரில் இரண்டு பிஎஸ்ஐ குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி அதே அளவு கூட்டிக் காட்டுகிறது, இரண்டும் நேராகிவிட்டன. கதவோரத்து ஒட்டுத்தாளில் முழுப் பாரத்துக்கு எழுதியிருந்த அளவே இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

இறக்கத்தில் மாமா ஒரே முறை வாய் திறந்தார். "கியரைக் குறைச்சுக்கோம்மா, பிரேக்கை வேகவைக்காதே." டயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தாப்பா வந்ததும் கடையில் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை எப்போது என்று கேட்டார்.